கழியுதுன்னு குட்டியக் கொண்டு போய் விட்டுடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன மாசம் உங்க பேப்பர்ல நாய்க்குட்டி தத்து குடுக்கற முகாம் பத்தி படத்தோட செய்தி போட்டிருந்தீங்க. ஒரு சின்னப் புள்ளை குட்டிய நெஞ்சோட அணைச்சுட்டு சிரிக்கற படம், பாக்கவே சந்தோசமா இருந்துச்சு. ஆனா அந்தக் குட்டி வீட்டுக்குப் போன ரெண்டாவது வாரம் என்ன ஆகும்னு யாரும் எழுதறதில்லை, எங்க குட்டிக்கு அப்ப நிக்காத கழிச்சல் வந்துச்சு, அதனால எழுதறனுங்க. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், இடம் இருந்தா போடுங்க ஐயா.

நான் அவினாசி பக்கத்துல ஒரு லைன் வீட்டுல குடியிருக்கறேன், பனியன் கம்பெனில செக்கிங் வேலை. ஆறு வீடு ஒரே வரிசை, ஒரே வாசல், ஒரே தண்ணித் தொட்டி, துவைக்கற கல்லும் ஒண்ணு தான். ஐப்பசி மாசத்துல ஒரு நாள் எங்க ஏரியால தெருநாய்களுக்கு சோறு வைக்கற பசங்க, காலி இடத்துல பனியன் வேஸ்ட் மூட்டைக்குள்ள கட்டிப் போட்டிருந்த மூணு குட்டிய எடுத்துட்டு வந்தாங்க. மூணும் பொட்டக்குட்டி. நம்ம பக்கம் கடுவன் குட்டின்னா தோட்டத்துக் காவலுக்குன்னு யாராச்சும் கேட்டு வாங்கீட்டு போயிருவாங்க, பொட்டைன்னா இப்படித்தான் போகுது. எட்டாவது படிக்கற என்ற பொண்ணு அதுல ஒண்ணைத் தூக்கீட்டு வந்து நின்னுட்டா, செவலை நிறம், 45 நாள் குட்டி இருக்கும்னாங்க, எடை 1 கிலோ 800. உள்ளங்கைல அடங்கற மாதிரி இருந்ததால குருணைன்னு பேரு வெச்சோம்.

முதல் ஒரு வாரம் ஒண்ணும் தெரியலை. ஒன்பதாம் நாள் காலைல வாசல்ல பாத்தா கழிஞ்சு வெச்சிருக்குது. தண்ணியா இல்லை, களி கிண்டுன மாதிரி கொழகொழன்னு, வெளுத்த மஞ்சளா, மேல சளி மாதிரி படலம், நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம், ஆறு வீடும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. ஆனா குட்டி நல்லா சாப்புடுது, ஓடுது, செருப்பக் கடிக்குது. அதனால பெரிய சீக்கா இருக்காதுன்னு நினைச்சுட்டேன். அங்க தான் ஆறு வாரம் போச்சு.

பக்கத்து வீட்டு அக்கா பால் ஒத்துக்கலை நிறுத்துன்னாங்க. அது சரியான பேச்சு தானுங்க, மாட்டுப் பாலு நெம்ப குட்டிகளுக்குக் கழிச்சலக் கெளப்பும்னு பின்னாடி டாக்டரும் சொன்னாங்க. நிறுத்துனேன், நிக்கலை. எங்க மாமியார் ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தாங்க, மாதுளை ஓடு காய்ச்சிக் குடுத்தாங்க. ரெண்டு நாள் கெட்டியாப் போகும், சரி ஆயிருச்சுன்னு மனசு ஆறும், மூணாம் நாள் மறுபடி அதே தான். வயித்துல பூச்சி இருக்கும்னு பூச்சி மாத்திரை குடுத்தோம், ரெண்டு வெள்ளைப் புழு வந்துச்சு, இது தான் காரணம்னு நினைச்சு நிம்மதியா இருந்தேன், மறுபடி கழிச்சல். கடைசியா மெடிக்கல் கடைல போய் நாய்க்கு வயித்தால போகுதுன்னு கேட்டேன், மனுசங்களுக்குக் குடுக்கற மாத்திரையக் குடுத்து கால்வாசி ஒடைச்சுக் குடுங்கன்னாங்க. கசப்புல நுரை நுரையாத் தள்ளுச்சு, பாவமா இருந்துச்சு, ரெண்டு நாள்ல கொஞ்சம் நின்ன மாதிரி தெரிஞ்சதும் நிறுத்திட்டேன். அது தப்புன்னு இப்பத் தெரியுது. எந்த சீக்குன்னே தெரியாம, எடையும் பாக்காம, பாதியில நிறுத்தற மருந்தாக் குடுத்திருக்கறேன்.

இதுல இன்னொரு கஷ்டம் தடுப்பூசி. கழிஞ்சுட்டு இருக்கற குட்டிக்கு ஊசி போட வேண்டாம், நல்லாகட்டும்னு தள்ளிப் போட்டாங்க. ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா போடற ஊசி அது, பார்வோன்னு ஒரு வைரஸ் வந்தா குட்டிக ரெண்டு மூணு நாள்ல செத்துப் போயிரும், அதுக்கான ஊசி. மூணு மாசம் ஆனா வெறிநாய்க்கடி ஊசி வேற போடோணும். இந்தக் கழிச்சல் நிக்காத ஒவ்வொரு வாரமும் குட்டி ஊசி இல்லாம வீதியப் பாத்து நிக்குதுன்னு நினைக்கறப்ப எனக்கு வயிறு கலங்கும்.

மாட்டாஸ்பத்திரிக்கும் ஒருக்கா கொண்டு போனேன். எந்த ஊருன்னு சொல்லலைங்க, அங்க இருக்கறவங்க மேல எனக்குக் கோவமும் இல்லை, காலைல இருந்து மாடு ஆடுன்னு வரிசை கட்டி நிக்குது, சினை ஊசிக்கு நிக்கறாங்க, ஒரே ஆளு எத்தனையப் பாப்பாங்க. குட்டியத் தொட்டுப் பாத்தாங்க, மருந்து எழுதுனாங்க. அப்புறம் டவுன்ல ஒரு இடத்துல மலம் டெஸ்ட் பண்ணினோம், ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சு. ஒண்ணும் இல்லைன்னா ஏனுங்க கழியுது? அந்தச் சீட்டைக் கைல வெச்சுட்டு பஸ்ஸ்டாண்டுல உக்காந்து அழுதுட்டேன். வீட்டு ஓனரம்மா வேற குழந்தைக இருக்கற இடம், இதை எங்கயாச்சும் விட்டுட்டு வந்துருன்னு சொல்லீட்டாங்க.

அப்பத்தான் சோறு வைக்கற பசங்க ஒரு டாக்டரம்மாகிட்டப் போகச் சொன்னாங்க. அவங்க மருந்து எழுதறதுக்கு முன்னாடி கேட்ட கேள்வியெல்லாம் வேற மாதிரி இருந்துச்சு. எத்தனை நாளா, ரத்தம் வருதா, வாந்தி இருக்கா, எடை ஏறிச்சா, தண்ணி எதுல குடிக்குது, வாசல் காஞ்சு கிடக்குமா ஈரமா இருக்குமா, வேற நாய் வருமான்னு. எடை போட்டா, வந்து இத்தனை வாரத்துல கால் கிலோ கூட ஏறலை. அந்த வயசுக் குட்டி அன்னாடம் ஏறோணுமாம். அவங்க சொன்னது, நாளைக்கு, அதுக்கு ஒரு நாள் விட்டு, அப்புறம் ஒரு நாள் விட்டுன்னு மூணு தடவை மலத்தைச் சின்ன டப்பால எடுத்துட்டு வாங்க, எடுத்த சூட்டோட வாங்கன்னு.

நான் ஒருக்காப் பாத்தாச்சே, ஒண்ணும் இல்லைன்னு தானே வந்துச்சுன்னு கேட்டேன். அதுக்கு அவங்க சொன்ன விசயத்த எல்லாரும் தெரிஞ்சுக்கோணும். அவங்க சந்தேகப்பட்ட குடல் கிருமி அன்னாடம் மலத்துல வராதாம், ஒரு நாள் நெறைய வரும், அடுத்த ரெண்டு நாள் ஒண்ணுமே இருக்காது. ஒரு நாள் பாத்து இல்லைன்னா இல்லைன்னு அர்த்தமாகாது. எனக்கு உடனே புரிஞ்சுருச்சுங்க. நாங்க துணி ரோல் செக்கிங் பண்றப்ப முதல் ஒரு மீட்டரப் பாத்துட்டு ஓட்டை இல்லைன்னு பாஸ் போட்டா என்ன ஆகும், கட்டிங் போன பின்னாடி தான் உள்ள இருக்கற ஓட்டையெல்லாம் தெரியும்.

முதல் டப்பால ஒண்ணும் இல்லை. ரெண்டாவதுலயும் சந்தேகம் தான். மூணாவதுல மாட்டுச்சு. டாக்டரம்மா எங்களையும் மைக்ரோஸ்கோப்புல பாக்கச் சொன்னாங்க. பழுத்த எலை மரத்துல இருந்து உழுறப்ப பொரண்டு பொரண்டு வருமே, அந்த மாதிரி ஒரு துளி அசைஞ்சுட்டுப் போகுது. பேரு ஜியார்டியா. புழு இல்லை, ஒரே ஒரு செல்லு இருக்கற ஒட்டுண்ணி, சின்னக் குடல்ல ஒட்டிக்கிட்டு சாப்பாட்டச் சத்து ஏற விடாமப் பண்ணும், அதனால தான் எத்தனை தின்னாலும் குட்டி எளைச்சே கிடந்துச்சு. சாயம் ஏத்திப் பெரிசு பண்ணுன படம் ஒண்ணு காட்டுனாங்க, ரெண்டு கண்ணு வெச்ச மூஞ்சி மாதிரி இருக்குது, என்ற பொண்ணு பயந்துட்டா.

வீட்டுக்கு வந்து அவ போன்ல தேடி எனக்கு ஒண்ணு படிச்சுக் காட்டுனா. இந்தக் கிருமிய முதல்ல பாத்தது லேவன்ஹுக்ன்னு டச்சுக்காரரு ஒருத்தராம், 1681ல, அவருக்கே வயித்தால போனப்ப அதை அவரே செஞ்ச லென்ஸ்ல வெச்சுப் பாத்திருக்கறாரு. அவரு டாக்டர் இல்லைங்க, துணி வியாபாரி. அந்தக் காலத்துல துணிக்காரங்க நூல் தரம் பாக்க லென்ஸ் வெச்சிருப்பாங்களாம். இதைக் கேட்டதுல இருந்து செக்கிங் டேபிள்ல நிக்கறப்பெல்லாம் அவரு ஞாபகம் வருது. துணி பாக்கற கண்ணு ஒண்ணு 300 வருசத்துக்கு முன்னாடி கண்டுபிடிச்சத, திருப்பூர்ப் பக்கம் ஒரு குட்டி நாய்க்குக் கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆச்சேன்னு பொக்குன்னு இருந்துச்சு.

மருந்து சுலபம் தானுங்க. ஃபென்பென்டசோல், குட்டியோட எடைக்கு கிலோவுக்கு 50 மில்லிகிராம் கணக்கு, தினம் ஒரு வேளை, 5 நாள். புழுவுக்குக் குடுக்கற மருந்து தான், ஆனா ஒரு நாள் ஒரு வேளை குடுத்துட்டு விடறதுல இந்தக் கிருமி அடங்காது, தொடர்ந்து குடுக்கோணும். இதைப் படிச்சுட்டு யாரும் நீங்களே கணக்குப் போட்டுக் குடுத்துடாதீங்க, குட்டி நாய்க்கு அளவு மாறுனா சில மருந்து மூளைக்கே ஏறி தலை சுத்தி நடக்க முடியாமப் போயிருமாம், எனக்கு மெடிக்கல்ல குடுத்த மாத்திரை அந்த வகை தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதைக் கேட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அஞ்சு நாள் குடுத்தோம். நின்னுச்சு. நல்ல கெட்டியா மலம் போச்சு, அதைப் பாத்து சந்தோசப்படற காலமும் வந்துச்சு. பன்னெண்டு நாள். பதிமூணாவது நாள் காலைல மறுபடி அதே களி, அதே நாத்தம்.

இந்த இடத்துல தான் நெம்பப் பேரு விட்டுடறாங்க. மருந்து கேக்கலை, இது தீராத சீக்கு, குட்டிக்கே ராசி இல்லைன்னு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. டாக்டரம்மாகிட்ட மருந்த மாத்துங்கன்னேன். அவங்க மருந்த விடுங்க, உங்க வாசலச் சொல்லுங்கன்னாங்க.

மருந்து குடலுக்குள்ள இருந்ததக் கொன்னுருச்சுங்க. ஆனா அதுக்கு முன்னாடியே வெளிய வந்தது வாசல்ல கிடக்குது. இந்தக் கிருமி வெளிய வர்றப்ப தன்னைச் சுத்தி ஒரு ஓடு கட்டிக்குமாம், முட்டை மாதிரி. மலத்துல விழுந்த அந்த நேரத்துல இருந்தே அது ஒட்டும், ஊறி வளரோணும்னு இல்லை. குளுந்த ஈரத்துல மாசக்கணக்குல உசுரோட கிடக்கும், காஞ்சா செத்துரும். இப்ப யோசிச்சுப் பாருங்க, அது ஐப்பசி கார்த்திகை, மழை விடாம பேஞ்சுட்டு இருக்குது. ஆறு வீட்டுத் தண்ணியும் வாசல்ல தான் ஓடுது, துவைக்கற கல்லுக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு குட்டை நிக்கும், குருணை அதுல தான் நக்கும். அவ கழிஞ்ச எடத்த நான் பனியன் வேஸ்டால தொடைப்பேன், எங்க ஊர்ல வேஸ்ட் துணிக்கா பஞ்சம், ஆனா அதைத் தூக்கிப் போடாம அலசி நெழல்ல காயப் போட்டு மறுபடி அதே துணில அவ சோறு திங்கற வட்டலத் தொடைச்சிருக்கறேன். சீமாறு வெச்சு வாசல் கூட்டறப்ப அது ஆறு வீட்டு முன்னாடியும் பரவியிருக்குது. பின்னங்கால் முடில ஒட்டுனத அவ நக்கி நக்கி மறுபடி முழுங்கியிருக்கறா. அஞ்சு நாள் வாய் வழியா மருந்து குடுத்துட்டே அன்னாடம் அதே வாய் வழியா சீக்கையும் நானே குடுத்திருக்கறனுங்க. இத மருந்தோட தப்புன்னு எப்படிச் சொல்றது.

அப்புறம் வீரா. மூணாவது வீட்டு அண்ணனோட வயசான நாய். சாந்தமான ஜீவன், குருணைக்கு அவன் தான் அப்பாரு மாதிரி, ரெண்டும் ஒரே போசில தண்ணி குடிக்கும். அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நல்லா கெட்டியாத்தான் போவான். டாக்டரம்மா அவனோடதையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அண்ணன் முதல்ல ஒத்துக்கலை, என்ற நாய்க்கு என்ன சீக்கு, உன்ற குட்டி வந்த பொறவு தானே இத்தனையும்னு சத்தம் போட்டாரு. அவரு கோவத்துலயும் நாயம் இருக்குது. ரெண்டு நாள் விட்டுட்டு அண்ணி மூலமாப் பேசி எடுத்தோம். வீராவோட மலத்துலயும் இருந்துச்சு. வயசான நாய்க்கு எதிர்ப்பு சக்தி இருக்கறதால வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா அடுத்ததுக்குக் குடுத்துட்டே இருக்குமாம். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு பாக்கறதுல அர்த்தம் இல்லைன்னு டாக்டரம்மா சொன்னதும் தான் அண்ணன் சமாதானம் ஆனாரு, பாவம் அவரே வீராவுக்கு வெல்லத்துல மருந்த வெச்சுக் குடுத்தாரு.

ரெண்டாவது தடவை நாங்க செஞ்சத விவரமாச் சொல்றேன், யாருக்காச்சும் ஆகும். ரெண்டு நாய்க்கும் ஒரே நாள் மருந்து ஆரம்பிச்சோம். கழிஞ்ச உடனே, பொழுதோட பாத்துக்கலாம்னு விடாம, அந்த நிமிசமே கவர்ல அள்ளி முடிச்சுப் போட்டுக் குப்பை வண்டிக்கு. நான் வேலைக்குப் போன நேரத்துல பொண்ணு ஸ்கூல்ல இருப்பா, அதனால குட்டிய பழைய மீன்பெட்டில சாக்கு போட்டு வீட்டுக்குள்ளயே வெச்சோம், மாமியார் அள்ளுனாங்க, 68 வயசுல, முட்டி வலியோட. தொடைக்கற வேஸ்ட் ஒருக்காத் தொடைச்சதும் குப்பைக்குப் போச்சு. வட்டல், போசி ரெண்டையும் ரெண்டு நாய்க்கும் தனித்தனியாப் பிரிச்சு அன்னாடம் கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவி வெயில்ல கவுத்தோம். சிமெண்ட் வாசல்ல முதல்ல அழுக்க வழிச்சு எடுத்துட்டு அப்புறம் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துனோம். சும்மா மேல பிளீச்சிங் பவுடர் தூவுனா வேலைக்காகாது, மலம் ஒட்டிக்கிட்டு இருந்தா அதுலயே பிளீச்சிங் வேகம் போயிரும்னாங்க. பிளீச்சிங் போட்ட எடத்துல ஆசிட் ஊத்தீடாதீங்க, விசவாயு வரும். பினாயில் ஊத்துனா நாத்தம் மாறும், அவ்வளவு தான், குட்டியோட பாதம் வேற புண்ணாகும்.

குளிப்பாட்டறது தான் முக்கியமுங்க, அதை நான் முதல் தடவை பண்ணவே இல்லை. மருந்து முடியற கடைசி நாள் சாம்பு போட்டு, பின்னாடியும் வாலுக்கடியும் காலும் நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டி தொவட்டி வெயில்ல காய வெச்சுட்டு, அப்பத்தான் சுத்தமான சாக்குல விடோணும். முடில ஒட்டிக்கிட்டு இருக்கறது போகலைன்னா மறுபடி முதல்ல இருந்து தான். அந்தக் குட்டைய அண்ணனும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து மண்ணும் ஜல்லியும் கொட்டி மேடாக்குனாங்க. வீட்டு ஓனரம்மா அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலை, அடுத்த நாள் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கிக் குடுத்தாங்க. கொசு குறைஞ்சுது வேற.

சாப்பாட்டுக்கு வெறும் அரிசிய நல்லாக் குழைய வேக வெச்சு, தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறிய அவிச்சுப் பிசைஞ்சு கொஞ்சங் கொஞ்சமா நாலு வேளை. நம்ம வீட்டு அரிசியும்பருப்புஞ் சோத்த வைக்காதீங்க, அதுல சின்ன வெங்காயம் இருக்கும், வெங்காயம் நாய்க்கு ரத்தத்தக் கெடுக்கும். நானும் அதுவரைக்கும் அதைத்தான் வெச்சுட்டு இருந்தேன்.

குழந்தைகளுக்கு ஒட்டுமான்னு ஆறு வீட்டுலயும் பயம். டாக்டரம்மா சொன்னது, நாய்க்கு வர்ற வகையும் மனுசங்களுக்கு வர்ற வகையும் பெரும்பாலும் வேற வேற, நாய்கிட்ட இருந்து நமக்கு வர்றது அபூர்வம், ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது, அதனால அள்ளுன கைய சோப்புப் போட்டுக் கழுவோணும், குழந்தைக குட்டியத் தொட்டுட்டு அப்படியே வாய்ல கை வைக்கக் கூடாது. இத்தனை தான். இதுக்காகக் குட்டியத் தொரத்த வேண்டியதில்லை.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி மூணு நாள் மலம் பாத்தோம். இல்லை. இதுலயும் ஒரு விசயம் இருக்குது, கிட் வெச்சுப் பாக்கற டெஸ்ட் சிலது சீக்கு போன பின்னாடியும் கொஞ்ச நாள் இருக்குதுன்னே காட்டுமாம், அதைப் பாத்துட்டுப் பயந்து திரும்பத் திரும்ப மருந்து குடுக்க வேண்டாம், குட்டி நல்லாக் கெட்டியாப் போயி எடை ஏறுதான்னும் பாருங்கன்னாங்க. மார்கழி முடியறப்ப குருணை 4 கிலோ. தை மாசத்துல முதல் ஊசி போட்டோம், வெயிலும் வந்துருச்சு, வாசல் சொடசொடன்னு காயுது.

செலவையும் சொல்லீடறேன், ஏன்னா எங்களாட்டம் சனிக்கிழமை சம்பளத்துல ஓடற குடும்பத்துக்கு அது தான் முதல் கேள்வி. மெடிக்கல் கடை, தப்பு மருந்து, பஸ், ஒண்ணும் இல்லைன்னு வந்த டெஸ்ட்டுன்னு முதல் ஆறு வாரத்துல 3,000 ரூபா போச்சு. சரியாக் கண்டுபிடிச்ச பின்னாடி டெஸ்ட்டும் மருந்தும் ரெண்டு நாய்க்கும் சேத்து 1,400 தான் ஆச்சு.

இத்தனையும் முடிஞ்ச பின்னாடி இந்தக் கடுதாசி எதுக்குன்னா ஐயா, குருணை கூடப் பொறந்த ஒண்ண இன்னொரு வீட்டுல எடுத்திருந்தாங்க, அதுக்கும் இதே கழிச்சல் தான் வந்திருக்குது, அதே ரெண்டாவது வாரம். அவங்க ஒரு மாசம் பாத்துட்டு பைபாஸ் ரோட்டோரம் கொண்டு போய் விட்டுட்டாங்க. பசங்க தகவல் தெரிஞ்சு போயிப் பாக்கறப்ப அது லாரில அடிபட்டுக் கிடந்துச்சாம். கெட்டவங்க இல்லைங்க அவங்க, ஆசையாத்தான் எடுத்துட்டுப் போனாங்க. யாரும் அவங்களுக்கு இதைச் சொல்லலை. எனக்குச் சொல்ல ஒரு டாக்டரம்மா கிடைச்சாங்க, அவங்களுக்குக் கிடைக்கலை.

நம்ம பக்கம் மாடு கன்னு, ஆடு கோழி சீக்குன்னா எல்லாருக்கும் தெரியும். கோழிக்கு வெள்ளக் கழிச்சல்னா சின்னப் புள்ளை கூட ஊசி போடச் சொல்லும். மாட்டுக்குன்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்குப் போன் போடறாங்க. நாமக்கல்ல கால்நடை மருத்துவக் கல்லூரி 1985ல இருந்து நடக்குது, உடுமலைப்பேட்டைலயும் ஒண்ணு வந்திருக்குது, படிச்சவங்களுக்கு நம்ம ஊர்ல பஞ்சம் இல்லை. அதனால என்ற வேண்டுகோள், ஒவ்வொரு தாலுகா மாட்டாஸ்பத்திரிலயும் வாரத்துல ரெண்டு நாளாச்சும் காலைல மலம் பாக்கறதுக்குன்னு ஒரு ஆளும் ஒரு மைக்ரோஸ்கோப்பும் போடோணும், அதை வெளிய போர்டுல எழுதி வைக்கோணும். அது நாய்க்கு மட்டுமா, கன்னுக்குட்டி ஆட்டுக்குட்டிக் கழிச்சலுக்கும் அதே மைக்ரோஸ்கோப்பு தானே. தத்து குடுக்கற முகாம் நடத்தறவங்க குட்டியோட கூட ஒரே ஒரு துண்டுச் சீட்டு குடுக்கோணும், ரெண்டாவது வாரம் கழிச்சல் வரலாம், வந்தா மூணு நாள் மலம் பாருங்க, வாசலக் காய வையுங்க, முடியலைன்னா எங்களுக்கே போன் பண்ணுங்க, வீதில விட்டுடாதீங்கன்னு. எங்க பசங்ககிட்டச் சொன்னேன், அவங்க அச்சடிக்க ஒத்துக்கிட்டாங்க, என்ற பொண்ணு தான் எழுதிக் குடுத்தா. உங்க பேப்பர்லயும் வாரம் ஒருக்கா வர்ற மருத்துவப் பக்கத்துல ஒரு டாக்டர வெச்சு இதை எழுதச் சொல்லுங்க ஐயா, நான் எழுதறத விட அவங்க எழுதுனா நம்புவாங்க.

கழிச்சல்ல ரத்தம் வந்தாலோ, வாந்தி இருந்தாலோ, குட்டி சாப்புடாம சுருண்டு படுத்துட்டாலோ மூணு நாள் டெஸ்ட்டுன்னு காத்துட்டு இருக்காதீங்க, அது பார்வோவா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஒதட்டத் தூக்கி ஈறு காஞ்சிருக்குதான்னு பாருங்க, கழுத்துத் தோல இழுத்து விட்டா சட்டுனு போய் ஒட்டோணும், மெதுவாப் போச்சுன்னா உடம்புல தண்ணி வத்திப் போச்சுன்னு அர்த்தம்.

அந்த மூட்டைல மூணு குட்டி இருந்துச்சுன்னு சொன்னனுங்க. மூணாவது யாரு வீட்டுக்குப் போச்சுன்னு பசங்களுக்கே சரியாத் தெரியலை, ஒரு வயசான அய்யன் டிவிஎஸ் வண்டில வந்து, பால் கேன் மாட்டற கொக்கிப் பக்கம் பையில வெச்சு வாங்கீட்டுப் போனாருன்னு சொல்றாங்க. சேவூர் பக்கமா இருக்கலாம். கருப்பு நிறம், நெஞ்சுல ஒரு வெள்ளைத் திட்டு, வலது முன்னங்கால் நுனி வெள்ளை. அந்த அய்யனோ அவங்க வீட்டுல யாராச்சுமோ இந்தப் பேப்பர் படிக்கறவங்களா இருந்தா, அதுக்கு இப்பவும் கழிச்சல் இருந்தா, உங்க அலுவலகத்துக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க ஐயா, எனக்குத் தகவல் குடுங்க. டெஸ்ட்டுக்கும் மருந்துக்கும் ஆகற செலவ நாங்க ஆறு வீட்டுக்காரங்களும் சேந்து பாத்துக்கறோம்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி செக்கிங் தொழிலாளி,
அவினாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.